அடிப்பொதி

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் படிப்பதில்லை. பத்துப் பக்கம் வந்தாலும் நேரே அடிக்குப் போய் 'சம்மதம்' என்று அமுக்கிவிடுகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மருந்துச் சீட்டைக்கூட இரண்டு தடவை படிப்பேன். அதனால்தான் என் மருமகள் அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள். விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அவள் மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதுகிறவள். கணினியில் எந்த மென்பொருள் பொதியை ஏற்றுவது, எதை நீக்குவது என்று பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்று. அதற்கான கையேட்டின் வரைவை அச்செடுத்து வந்து, சிவப்புப் பேனாவோடு என் மடியில் வைத்தாள்.

"மாமா, உங்களுக்குப் புரிஞ்சா உலகத்துக்கே புரியும்."

"புகழுறியா, குத்திக்காட்டுறியா?"

"ரெண்டுந்தான்."

"பொதின்னா கழுதை சுமக்கறதும்மா."

"அதனாலதான் உங்ககிட்ட கொண்டு வந்தேன்."

முப்பது வருடம் கிடங்கில் மூட்டை அடுக்கியவனிடம் இப்படி ஒரு வாய். நானும் சிரித்தேன்.

ஒரு பொதியைக் கேட்டால், அது சார்ந்திருக்கும் நாலு பொதியும் கூடவே வருமாம். "ஒருத்தனைச் சாப்பிடக் கூப்பிட்டா குடும்பத்தோட வந்து நிக்கிற மாதிரியா?" என்று கேட்டேன். அதை அப்படியே கையேட்டில் சேர்த்துக்கொண்டாள். போகப்போக என் திருத்தங்களை அவள் பார்ப்பதையே விட்டுவிட்டாள். சிவப்பு மையில் இருப்பதைத் தட்டச்சுக்காரர் நேராக ஏற்றிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது அடிப்பொதி. "அடி மூட்டை மாதிரி மாமா. உருவினா மொத்தமும் சரிஞ்சிரும்." இதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? எங்கள் மேஸ்திரி சாகும்வரை ஏன் நொண்டினார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில், சமையலறையில் அவள் என் மகனிடம் பேசியது காதில் விழுந்தது. "கையேடு வெளிவந்துட்டா வேலை நிரந்தரம். தலைமை அலுவலகத்துக்கே மாத்திருவாங்க. மாமாவைத்தான் என்ன பண்றதுன்னு..." அதற்குள் மிக்சி ஓடத் தொடங்கிவிட்டது. மீதி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அன்றைக்கு நாற்பத்தோராம் பக்கம் வந்திருந்தது. 'புதுப் பதிப்பை ஏற்றும் முன் அடிப்பொதியை நீக்க வேண்டாம்.' அதில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தி, 'வேண்டும்' ஆக்கினேன். அழகாகவே எழுதினேன்.

எனக்குப் புரிந்துதான் செய்தேன். அவள் சொன்னபடி, எனக்குப் புரிந்தது உலகத்துக்கும் புரிந்தது. அறுபத்து மூன்று அலுவலகங்கள் அந்த வரி சொன்னபடி செய்து, இயந்திரங்கள் ஊமையாகி உட்கார்ந்திருந்தன. ஏன் நீக்க வேண்டும் என்று ஒரு பயல் கேட்கவில்லை. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அவளுக்குக் கடிதம் வந்தது. அந்த 'வேண்டாம்' மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

"என் கண்ணுலதான் தப்பியிருக்கும் மாமா" என்று அழுதாள். காபி போட்டுக் கொடுத்தேன். நான் அவளுக்குக் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது நல்லதுதானே.

இப்போது நீங்கள் ஒரு காகிதத்தை நீட்டுகிறீர்கள். அவள் கொடுத்த மாறுதல் விண்ணப்பமாம். 'சார்ந்திருப்போர்' என்ற கட்டத்தில் 'மாமனார்' என்று இருக்கிறது. கீழே, 'படி ஏறச் சிரமப்படுவார். தரைத்தள வீடு வேண்டும்.' தேதி, மிக்சி ஓடிய அந்தக் காலைக்கு முந்தின வாரம்.

இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து அவளுடையதுதான்.

நீங்கள் எழுதிக்கொண்ட என் வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருப்பதையெல்லாம் நம்ப நான் என்ன, அந்த அறுபத்து மூன்று அலுவலகமா? நான் வருகிறேன்.