வாய்விட்டுச் சொல்லாதது

நர்ஸ்: மெதுவா, மேடம். கதவு லேசா திறந்திருக்கு. உள்ளே உங்க தங்கச்சி தலைமாட்டுல இருக்கற மைக்குக்குப் பாம்புக் காது.

அக்கா: அதான் சொல்லிட்டேனே சிஸ்டர். பஸ்ஸுல. கூட்டத்துல எங்கேயோ கழண்டு விழுந்துடுச்சு.

நர்ஸ்: அப்போ கேள்வி, அம்மாவோட ஒத்தைக் கம்மல் எப்படிப் போச்சு. பதில், பஸ்ஸுல. இதை அந்த ரூமுக்குள்ள யாரும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லையே?

அக்கா: இல்ல.

நர்ஸ்: முன்னாடி ஒருத்தர் இந்தச் சோதனையையே கெடுத்துட்டார். மனைவிக்குத் தைரியம் சொல்றேன்னு கட்டில் பக்கத்துல உட்கார்ந்து எல்லாக் கதையும் பேசியிருக்கார். அவங்களுக்காகப் பேசற மெஷின் அத்தனையும் கேட்டு வெச்சுக்கிச்சு. எதைக் கேட்டாலும் டக்குனு சரியாச் சொல்லுது. பேசறது பொண்டாட்டியா, மெஷினான்னு... தெரியவே இல்ல.

அக்கா: இப்ப?

நர்ஸ்: இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க, ரெண்டு பேரும்.

அக்கா: எனக்கும் அதுதான் பயம். வீட்டுல பாத்திரம் தேய்க்கறப்போகூட அவ கட்டில் பக்கத்து ஸ்பீக்கர் காதுக்குள்ள பேசுது. கூடப் பொறந்தவளோட பேசறேனா, இல்ல என்னோடயே பேசிக்கறேனான்னு... சரி, அதை விடுங்க. பதில் தப்பா வந்தா?

நர்ஸ்: உங்க தங்கச்சி அந்த உடம்புக்குள்ள இல்லைன்னு அர்த்தம். சாயங்காலம் டாக்டர் எல்லாத்தையும் நிறுத்திடுவார். வலிக்காது.

அக்கா: சரியா வந்தா?

நர்ஸ்: உள்ளே ஆள் இருக்காங்க. அப்புறம் நிறுத்தற பேச்சே கிடையாது. இப்படியே... வருஷக்கணக்கா.

அக்கா: வருஷக்கணக்கா... வாங்க, போலாம்.

குரல்: அக்கா! வந்துட்டியா? செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுது. காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு...

அக்கா: நான் எப்படியோ நடக்கறேன். நீ எப்படி இருக்கே?

குரல்: நல்லா இருக்கேன்.

அக்கா: பாத்தீங்களா சிஸ்டர்? இவ எப்பவாவது நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்காளா? தலைவலி. இல்லேன்னா இடுப்பு வலி. ரெண்டும் இல்லேன்னா என்மேல கோபம்...

நர்ஸ்: ஷ்... தலையில போட்டிருக்கற வலை வழியா மூளை நினைக்கறது ஸ்பீக்கருக்கு வருது. அது மங்கிப்போனா, பழைய பேச்சை வெச்சு மெஷினே நிரப்பிடும். அதனாலதான் இந்தக் கேள்வியே.

குரல்: என்ன குசுகுசுன்னு? என் தலைமாட்டுலயே நின்னுக்கிட்டு...

அக்கா: ஒண்ணுமில்லடி.

குரல்: உன் பொண்ணு எங்கே?

அக்கா: வரமாட்டேங்கறா. சித்தி வாயே அசையாம பேசறா, பயமா இருக்குங்கறா.

குரல்: வேணும்னா கண்ணைத் திறந்து காட்டவா?

அக்கா: முடியுமாடி?

குரல்: சும்மா சொன்னேன். திறக்க முடியலக்கா.

நர்ஸ்: கேளுங்க மேடம்.

அக்கா: அம்மாவோட கம்மல்ல... ஒண்ணு போயிடுச்சே. எப்படிடி போச்சு?

குரல்: கம்மலா...

நர்ஸ்: அவசரப்படுத்தாதீங்க. யோசிக்கட்டும்.

குரல்: போகல.

அக்கா: என்னது?

குரல்: நான்தான் எடுத்தேன். ரெண்டும் உனக்குத்தான்னு அம்மா சொல்லிட்டாளே... ஒண்ணாவது எனக்கு இருக்கட்டும்னு. தையல் மெஷின் டிராயர்ல, பட்டன் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சேன். திட்டாதேக்கா.

நர்ஸ்: பஸ்ஸுன்னு வரலையே.

அக்கா: வரல.

நர்ஸ்: அப்போ டிராயர், பட்டன் டப்பா... இதெல்லாம் மெஷின் கட்டிவிட்ட கதையா? என்னமா அளக்குது! எனக்கே புல்லரிக்குது.

அக்கா: நிறைய பேச்சுக் கேட்டிருக்கில்ல. கத்துக்கிச்சு.

நர்ஸ்: தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எதுக்கும் வீட்டுக்குப் போய் அந்த டிராயரை ஒரு தடவை பாத்துடுங்களேன். எனக்கு மனசு கேக்கல.

அக்கா: பாத்தாச்சு. ஒண்ணுமில்ல.

நர்ஸ்: எப்போ? அவங்க இப்பத்தானே சொன்னாங்க?

அக்கா: அது... அவ துணிமணியெல்லாம் எடுத்து வைக்கறப்போ. டிராயரையே கவுத்துக் கொட்டினேன். வெறும் பட்டன்தான்.

நர்ஸ்: உறுதியா?

அக்கா: உறுதியா.

நர்ஸ்: சரி... டாக்டரைக் கூப்பிடறேன்.

குரல்: அக்கா...

அக்கா: தூங்குடி. நீ பட்டது போதும். நானும்... போதும்.

குரல்: நேத்து நீ ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருந்தே. அழுதே. அப்புறம் என் உள்ளங்கையில எதையோ வெச்சு, விரலை மடக்கி அழுத்தினே. அந்தக் கம்மலோட தண்டு குத்துச்சுக்கா... வலிச்சுது. நான் நல்லா இல்ல.