தலை திரும்பிய பக்கம்

"தலை திரும்புது. படுங்கோ. எல்லாரும் படுங்கோ."

யாருடைய குரல் என்று தெரியவில்லை. விழுகிறேன். வாய்க்கால் வறண்டு கிடக்கிறது. வாய்க்குள் மண். காலை பத்தரை இருக்கும். வெங்காயத் தோட்டத்துக்கு அப்பால், வீதி முடக்கில், கவசவாகனம் நிற்கிறது. இஞ்சின் உறுமுகிறது. அதன் மேலே துப்பாக்கி நீட்டிய இரும்புக் கூண்டு. அதைத்தான் நாங்கள் தலை என்போம். வாகனம் அசையாது. தலை மட்டும் திரும்பும். துருப்பிடித்த கப்பியில் கயிறு இழுபடுவதுபோல ஒரு சத்தம்.

சத்தம் நின்றது. பிறகு வெடி. மூன்று தடவை. கடைசி வெடிக்குப் பிறகு ஒரு மாடு கத்தியது. அதுவும் நின்றது.

வாகனம் போனபின் எழுந்தேன். குலம் எனக்கு முன்னால் ஓடியவர். என் கணவர். நான்கு எட்டு முன்னால், கையில் பையோடு. முன்னால் பை மட்டும் கிடந்தது. அவர் கிடந்தது எனக்குப் பின்னால். நாங்கள் கடந்து வந்துவிட்ட கிணற்றடியில்.

அவருடைய தங்கை ரதி எங்களோடு ஓடியவள். நான்கு வயது மகள் பிரியாவை நெஞ்சோடு அணைத்தபடி அங்கே நின்றாள். இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

"இவர் ஏன் திரும்பி வந்தவர்?" என்று கேட்டேன்.

"தெரியாது மச்சாள்" என்றாள்.

ரதியின் கணவர் அப்போதே மொன்றியலில் இருந்தார். அவளையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டார். நான் பல நாடுகள் சுற்றி, அகதியாக, பிந்தி வந்து சேர்ந்தேன். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் அவர்களுடைய வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். பகலில் தையல் பக்டரி.

பொறாமை என்ற சொல்லை நான் மறைக்கப்போவதில்லை. குளிர்காலக் காலைகளில் ரதியின் கணவர் குனிந்து அவளுடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிடுவார். அவளுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை வளைக்க முடியாது. நான் கதவருகில் நிற்பேன். அந்த முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும்போல இருக்கும். அவர் தோடம்பழம் உரித்து முதல் சுளையை அவளுக்குக் கொடுப்பார். நான் எழுந்து போய்விடுவேன். ஒரே தோட்டம். ஒரே ஓட்டம். தலை ஏன் என் பக்கம் திரும்பியது?

என் அகதி விசாரணைக்கு ஒரு கிழமைக்கு முன், பிரியா பள்ளிக்கூடத்துக்காக மட்டையில் கோட்டை செய்தாள். இப்போது ஒன்பது வயது. தகப்பன் கடதாசிக் குழல்களை வெட்டிக் கொடுத்தார். நான்கு மூலையிலும் உருண்டைக் கூண்டுகள்.

"பிரெஞ்சில இதுக்குப் பேர் தூரெல், மாமி" என்றாள். "டாங்கியிலயும் இருக்கும். அதுக்கும் அதே பேர்தான்."

தகப்பனும் மகளும் பசை பூசிய விரல்களைக் காட்டிச் சிரித்தார்கள். என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

விசாரணை அறையில் ஜன்னல் இல்லை. தோட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் 'தலை' என்ற இடத்தில் தடுமாறினார். "வாகனத்தின்ர தலையோ?" என்று என்னிடம் கேட்டார். "தூரெல்" என்றேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரே கேள்வி. முன்னால் ஓடியவர் பின்னால் எப்படிக் கிடந்தார்?

எனக்குப் பதில் தெரியாது. ஐந்து வருடமாகத் தெரியாது. பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார். அது அவருடைய முகத்தில் தெரிகிறது. என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள்.

சாட்சியாக வந்த ரதி எழுந்தாள்.

"நான்தான் அண்ணையைக் கூப்பிட்டனான்" என்றாள். "பிள்ளை என்ர கையை விட்டிட்டாள். கிணத்தடியில நிண்டு அழுதவள். எனக்குக் கால் வரேல்லை. 'அண்ணை, பிள்ளை' எண்டு கத்தினன். பையைப் போட்டிட்டு ஓடினவர். அவளைக் கிணத்துக் கட்டுக்குப் பின்னால தள்ளினவர். அவர் ஓடின பக்கம்தான் தலை திரும்பினது."

மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொல்லி முடித்தார்.

மெட்ரோவில் பக்கத்தில் இருந்தோம். ரதியிடம் கேட்டேன்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் பிள்ளையின்ர முகத்தைப் பார்க்க மாட்டியள் எண்டு பயந்தனான், மச்சாள்."

பயந்தது சரி. அன்று வீட்டுக்கு வந்து நான் பிரியாவைப் பார்க்கவில்லை. மறுநாளும் இல்லை. அதுவரை ரதி மீது பொறாமை. இப்போது ஒன்பது வயதுப் பிள்ளை மீது. அவருடைய கை கடைசியாகப் பட்டது அவள் மேல். என் மேல் இல்லை.

என்னை அகதியாக ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது. அன்று பின்னேரம் பிரியா குசினி மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முன்னால் போய் இருந்தேன்.

"உனக்கு மாமாவை ஞாபகம் இருக்கோ?"

யோசித்தாள். "இல்லை மாமி. கிணறு ஞாபகம். ஆரோ என்னைத் தள்ளிவிட்டவை. முழங்கால் நொந்தது. எனக்குச் சரியான கோவம்."

மறுபடி எழுதத் தொடங்கினாள். நான் எழும்பவில்லை. அவள் எழுதி முடிக்கும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளைப் பார்க்கிறேன்.

அன்று அந்தத் தோட்டத்தில் இழந்தவை.

குலம். முப்பத்தாறு வயது. கணக்கு வாத்தியார்.

தோட்டக்காரரும் மனைவியும். இருவர்.

நீலச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை. யார் வீட்டுப் பிள்ளை என்று எவருக்கும் தெரியவில்லை.

ஒரு மாடு.

அதே கிழமை, எங்கள் வீடு. அதோடு கலியாண அல்பம். அவருடைய படம் என்று என்னிடம் ஒன்றும் இல்லை.

ரதியிடம் ஒன்று இருக்கிறது. அதில் அவர் கைக்குழந்தைப் பிரியாவைத் தூக்கி வைத்திருக்கிறார்.