ஒரு சந்து போதும்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு இடம் போதவில்லை என்று முதலில் சொன்னவனே நான்தான். காகிதமும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி ஐயா. முப்பத்தொரு வருஷம் நூலகராக இருந்தவனுக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். என் பெயர் அப்பாசாமி. வீடு வேங்கிக்காலில்.

விரிவாக்கத் திட்டம் போட வந்தவர் சுனந்தா. கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவர், முப்பது வயதிருக்கும், மரியாதையான பெண். வந்த முதல் வாரம் புத்தகங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே போய், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்கும் மாணவிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நான் கொடுத்த பதினான்கு பக்கக் குறிப்பைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் அவர் சொன்னது இது.

"புக்கு ஜாஸ்தி எடம் புடிக்குது சார். படிக்க வர்றவங்களுக்குக் கம்மியா இருக்கு. தண்டவாளத்துல ஓடுற அலமாரி போட்டா எல்லாத்துக்கும் சேத்து ஒரு சந்து போதும்."

பன்னிரண்டு இரும்பு அலமாரிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். எது வேண்டுமோ அதன் சக்கரத்தைச் சுற்றினால் நகர்ந்து வழி விடும். துணைவேந்தருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மிச்சமாகும் இடத்தில் அந்த மாணவிகளுக்கு வாசிப்புக் கூடம், சாலைப் பக்கம் தனிக் கதவு.

கூடம் வருவது மேற்கு ஜன்னலோரம். அங்கேதான் என் மேஜை. நிமிர்ந்தால் மலை தெரியும். வரைபடத்தில் என் மேஜை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது.

"ஏம்மா, நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டேன்.

"ஆறு மாசந்தானே சார் சர்வீஸ் இருக்கு. சமாளிச்சுக்கலாம்" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். வந்தது. ஆனால் மேஜைக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மேஜைக்காக யாராவது இப்படிச் செய்வார்களா?

சோதனைக்காக அலமாரிகளை முதலில் கீழ்த்தளத்தில் பொருத்தினார்கள். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் அளவு நாடாவோடு அந்தச் சந்துக்குள் போனார். உதவியாளர் ராஜம்மாளை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அலமாரி நகராமல் பூட்டும் ஆணியை முதல்நாளே கழற்றி இழுப்பறையில் போட்டிருந்தேன். சக்கரத்துக்கு எண்ணெயும் விட்டிருந்தேன். கிறீச்சிட்டால் படிப்பவர்களுக்குத் தொந்தரவு.

ஒரு சுற்றுக்கு நான்கு விரல் நகரும். ஏழாவது சுற்றில் அலமாரி அவர் முதுகைத் தொட்டது. "சார், நிறுத்துங்க சார்" என்றார். பத்தாவது சுற்றில் கையைக் குறுக்கே கொடுத்தார். சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் வந்தது. அப்புறம் சக்கரம் கனத்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை ஊன்றிச் சுற்றினேன். மூச்சு வாங்கியது. அவர் கூப்பிடுவது நின்ற பிறகும் ஐந்து சுற்று சுற்றினேன். தண்டவாளப் பள்ளத்தில் ரத்தம் ஓடி வந்து என் செருப்பை நனைத்தது. அலமாரிகள் ஒட்டி நிற்கும் என்று வரைபடத்தில் போட்டிருந்தார். நிற்கவில்லை, ஒரு சாண் இடைவெளி அப்படியே இருந்தது.

'பழுது' என்ற பலகையை மாட்டிவிட்டு, செருப்பைக் கழுவிக்கொண்டு மேலே போனேன். இரண்டு மாணவிகளுக்குப் புத்தகம் கொடுத்தேன். பிறகு என் மேஜையில் உட்கார்ந்தேன். மேகம் இல்லாமல் மலை உச்சிவரை தெரிந்தது.

விபத்தா என்று கேட்டீர்கள். அந்த அலமாரிகளுக்கு விதிமுறை எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான். சக்கரத்தைத் தொடுமுன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று மூன்று முறை கேட்க வேண்டும். சத்தமாகவே கேட்டேன். என் பணிக்காலத்தில் ஒரு விதியையும் நான் மீறியதில்லை, அன்றைக்கும் மீறவில்லை.

மூன்று முறையும் சுனந்தா, "இருக்கேன் சார்" என்றார்.