முதல் கேஸில் தப்பு இல்லை

– இந்த ரிசல்ட் ஃபாரத்துல கையெழுத்துப் போட மாட்டேன், தனசேகரன் சார்.

– நிரஞ்சனா, சிம்பிள் லா. இது பயிற்சித் தேர்வு. நிஜ மெஷினும் இல்ல, நிஜக் கதிர்வீச்சும் இல்ல. ஃபெயில்னா ஃபெயில். ஆறு வாரம் ரீட்ரெயினிங் போயிட்டு வந்துடேன்.

– ஆறு வாரம் பேஷன்ட் பக்கமே போகக்கூடாது, அதானே? பன்னண்டு வருஷமா சிங்கப்பூர்ல கேன்சர் பேஷன்டுக்குக் கதிர் வெக்கிறவ நான். எதுக்கு ஃபெயில்?

– நாலு நிமிஷத்துல முடிக்கணும். நீ பாதியில நிறுத்திட்டே.

– தப்பு இருந்துச்சு. நிறுத்தினேன்.

– அதுல தப்பே வெக்கலம்மா! நாங்க வேணும்னே தப்பை ஒளிச்சு வெச்சது ரெண்டாவது கேஸ்ல. முதல் கேஸ் சுத்தமானது. சிம்பிளா, உன் வேகத்தைப் பாக்கத்தான்.

– ஸ்க்ரீன்ல வலது நுரையீரல். பேஷன்டா நடிச்ச பிலோமினம்மாள் ஆன்ட்டியைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். இடது பக்கம் தொட்டாங்க.

– எதுக்குத் தொடச் சொல்றே? ஃபாரத்துல அப்படி இல்லையே. "ரைட் சைடா?"ன்னு கேட்டா முடிஞ்சுது.

– தேக்கா மார்க்கெட்டுல பேரம் பேசி மீன் வாங்குற ஆன்ட்டிதான். இங்க படுக்க வெச்சு இங்கிலீஷ்ல கேட்டுப் பாருங்க, பயத்துல எல்லாத்துக்கும் "யெஸ், யெஸ்". அதனாலதான் கையால காட்டச் சொல்றேன். இனிமேலும் சொல்லுவேன்.

– அவங்க சர்ச்சுல இருந்து வந்த வாலன்டியர் லா. பதட்டத்துல மாத்தித் தொட்டிருப்பாங்க.

– இல்ல. நீங்க குடுத்த டாக்டர் குறிப்பைப் படிச்சுத்தான் நடிச்சாங்க. அதுல இடதுன்னு இருக்கு. அதை யார் எழுதினது?

– நாங்க எதுவும் எழுதல. நிஜ ஃபைல் ஒண்ணை அப்படியே காப்பி பண்ணி, பேரை மட்டும் மாத்தினோம். இரு, ஒரிஜினலைத் திறக்கிறேன். பாத்துட்டு, வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு.

– திறங்க.

– பாரு. டாக்டர் குறிப்பு, இடது. கதிர் வெக்கிற பிளான்...

– பிளான்?

– வலதும்மா.

– இது யாரோட ஃபைல் சார்?

– செல்லக்கண்ணு. அறுபத்தெட்டு வயசு, புக்கிட் மேரா. முதல் சிகிச்சை இன்னிக்குத்தான். மூணு மணிக்கு, கீழ நாலாம் ரூம்ல.

– மணி மூணு ஆச்சு. நீங்க அந்த ரூமுக்கு ஃபோன் போடுங்க, நான் ஓடுறேன். அங்கயும் பாதியில நிறுத்தி, இன்னொரு தடவை ஃபெயிலாகப் போறேன் சார்.