ஜாடிக்குள் போட்ட சீட்டு

— மூடியைத் திறக்காதீங்கம்மா, உள்ள பாம்பு கெடாம இருக்க ஊத்தின ஃபார்மலின். கண்ணு எரியும்.

— எரியட்டும். மூணு மாசமா இந்தக் கண்ணு குளுகுளுன்னா இருக்கு? என் வீட்டுக்காரரைக் கடிச்ச பாம்பு இதுதானே?

— இதுதாம்மா. கட்டுவிரியன்.

— எவ்வளவு சொகுசா சுருண்டு படுத்திருக்கு! யார் பண்ணின அலங்காரம் இது?

— சார்தான், மியூசியத்துல வைக்கிறதுக்காக. பாம்பு வயித்துல ஃபார்மலின் ஊசி போட்டு, சுருட்டி, தண்ணிமட்டம் பார்த்து…

— கடிபட்ட கையாலயா? நீங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தீங்களாக்கும்!

— ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெஞ்சினேம்மா. 'வேலையை முடிச்சுட்டு வரேன்'னார்.

— நல்லா முடிச்சார். விசாரணையில மட்டும் 'ஸ்டோர்காரர்தான் தாமதம் பண்ணினார்'னு எழுதினப்ப, வாயில கொழுக்கட்டையா? கையெழுத்து வேற போட்டிருக்கீங்க!

— இருக்கட்டும்மா. ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறவன்.

— நல்லாயிருக்கு நியாயம்! சரி, பாம்பைப் பத்தி அவர் எழுதி ஜாடியில போட்ட சீட்டைக் காட்டுங்க. நான் வந்ததே அதுக்குத்தான்.

— உள்ளேதாம்மா இருக்கு. பென்சில்ல எழுதினது, அப்படியே தெரியும் பாருங்க.

— 'கட்டுவிரியன், கொடிய விஷம்'… ஸ்டோர்காரரே, இது யார் எழுத்து?

— சாரோட…

— அவரோட குடும்பம் நடத்தினவ நான். அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இது பள்ளிக்கூட வாத்தியார் எழுத்து. அவர் சீட்டு எங்க?

— வேணாம்மா. விட்டுடுங்க.

— ஜாடிக்குள்ள போட்ட சீட்டை எவனும் எடுக்கக் கூடாது, தப்பா இருந்தா பக்கத்துல இன்னொண்ணு போடணும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால அவர் சொல்லி நான் கேட்டுக் கேட்டுக் காது புளிச்ச பாடம் இது. உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும்மா.

— அப்புறம் எந்தத் தைரியத்துல எடுத்தீங்க? எடுங்க வெளியே!

— இந்தாங்க. பர்ஸுலயே வச்சிருந்தேன்.

— '…மாலை நாலு பத்து. நீளம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர். இடது கட்டைவிரலில் கடித்தது. விஷமற்ற இனம்.' விஷமற்ற…?

— அதே மாதிரி வெள்ளை வரி போட்ட சாதுப் பாம்பு ஒண்ணு இருக்கும்மா. கட்டுவிரியன் கடிச்சா வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. சார் சிரிச்சுக்கிட்டே ஊசி போட்டார். அவர் இமை தொங்க ஆரம்பிச்சப்புறம்தான் இது கட்டுவிரியன்னு எனக்கே உறைச்சது. அவ்வளவு பெரிய மனுஷன் பாம்பு தெரியாமச் செத்தார்னு நாலு பேர் கெக்கலிக்கக் கூடாதுன்னு சீட்டை மாத்தி, தாமதம் என்னாலன்னு ஒத்துக்கிட்டு…

— அதுக்காகப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டீங்க! யாரைக் கேட்டுப் பண்ணினீங்க? அவர் எழுதினதை மறைக்க நீங்க யாரு? இதைப் பழையபடி உள்ள போடுங்க. நீங்க எழுதினது திருத்தம்னு உங்க பேர்லயே பக்கத்துல இருக்கட்டும். நாளைக்கு விசாரணைக்காரங்களை நானே கூட்டிட்டு வந்து காட்டுறேன்.

— சாரோட பேரு கெட்டுப்போயிடும்மா!

— கெட்டா கெட்டுப்போகட்டும். அன்னிக்கு சாயங்காலம் ஃபோன் பண்ணி, 'பாம்பு கடிச்சிடுச்சு, விஷமில்லை, பயப்படாதே'ன்னார். கடைசியா என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போயிட்டார்னு மூணு மாசமா அந்த மனுஷனைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.