கூடை இல்லாமல் ஒரு மலை

எழுதிப் பழக்கமில்லாத நான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பசறை பஸ்ஸில் எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணும் அவள் மதினியும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் லீவில் நமுனுகுல மலை ஏறிப் பார்க்கப் போகிறார்களாம்.

“கம்பிளி, ரொட்டி, சம்பல், தேத்தண்ணி போட கேத்தல். இம்புட்டையும் எதுல தூக்குறது மதினி?”

“கொழுந்துக் கூடைதான் இருக்கே.”

“கூடையா? அதோட போனா உச்சியிலயும் வேல வாங்க ஒரு கங்காணி நிப்பாரு!”

“பின்ன எதுலடி?”

“தலகாணி ஒறையில. நெத்தியில கூடைக் கயிறு இல்லாம நான் ஒரு மலையும் ஏறுனதில்ல மதினி. இந்த ஒரு தடவ ஏறிப் பாத்துரணும்.”

“ஏறு, ஏறு. கழுத்து ஆடாம பாத்துக்க.”

மறுநாள் காலை இருவரும் அதே பஸ்ஸில் வந்தார்கள். கூடை இல்லை. இறங்கியதும் அந்தப் பெண் தலையணை உறைக்குக் கயிறு கட்டி, நெற்றியில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.