மூச்சு விடும் உரத்தண்ணீர்

கம்போஸ்ட் உரத்தை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பத்திரமாக ஒரு வாரம் மூடி வைத்து, மாடியிலிருந்த ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றித் தெரு முழுவதையும் மூக்கைப் பொத்த வைத்த அறிவாளி நான். அதனால், சேந்தமங்கலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெரியவர் ஒருவர், "காத்து இல்லாட்டி உரத்தண்ணி மூச்சு முட்டிச் செத்துருமுங்க" என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் மடியில், மீன்தொட்டிக்குக் காற்று விடும் சின்ன மோட்டார் ஒன்று இருந்தது.

"மீனு வளக்கறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"மீனெல்லாம் இல்லீங்க. வாசல்ல பன்னெண்டு தொட்டிச் செடி. உரத்தைத் துணியில கட்டித் தண்ணிக்குள்ள உட்டு, துளி வெல்லங் கரைச்சு, ஒரு நாளு பூராக் கொப்புளிக்க உடோணும். மோட்டார நிறுத்துன கையோட செடிக்கு ஊத்திப்போடோணும்."

"அப்ப வெளியூரு எங்கயும் போக முடியாதுங்களே?"

"அதைத்தானுங்க பையங்கிட்டச் சொல்றேன். மெட்ராசுக்கு வாங்கப்பா, வாங்கப்பான்னு ஒரே நச்சரிப்பு. நாம்போயிட்டா செடிய ஆரு பாக்கறது?"

"அதானுங்ணா, உட்டுட்டு எப்படிப் போவீங்க?" என்றார் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள்.

வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் பெரியவர் மோட்டாரை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிப் போனார். பஸ் நகர்ந்தது.

"பாசக்காரப் பையனாட்ட இருக்குதுங்க" என்றார் கண்டக்டர்.

அந்த அம்மாள் ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

"எங்க டெலிபோன் பூத்துலதானுங்க பையங்கிட்டப் பேசுவாரு, அவன் பேசறதும் எனக்குக் கேக்குமுங்க. நான் அங்க வாரட்டுமா சாமின்னு ஒவ்வொரு தடவையும் இவருதான் கேக்கறாரு. வான்னு அவன் ஒரு நாளும் சொன்னதில்லீங்க."